இரண்டாவது பேட்டரி

ஒயரின் தோலை உரிக்கும்போது உள்ளே இருக்கும் செம்பில் ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது, வெட்டுப்பட்டால் அந்த ஒயர் ஒயரே இல்லை, இதுதான் நாச்சிமுத்துவின் கொள்கை. மில்லில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்த காலம் முழுக்க இதைச் சொல்லியே கீழே வேலை பார்த்தவர்களின் உயிரை வாங்கினார். ரிட்டையர் ஆனபின் வாங்குவதற்கு வேறு உயிர் கிடைக்காததால் இந்த வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து தன் உயிரையே வாங்கிக்கொண்டிருந்தார். பழைய ஸ்கூல் வேன். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு பக்கம் பலகைக் கட்டில், எதிர்ப்பக்கம் சின்ன மேடை, மேடைக்கு அடியில் ஒரு பொட்டிப் பிரிட்ஜ், மேலே ஃபேன், இரண்டு விளக்கு. வீட்டுக்குப் பக்கவாட்டுக் காலியிடத்தில் நிற்கிறது. முற்பகல் வெயிலில் தகரக் கூரை காய்ந்து கழுத்துப்பட்டை வழியாக வியர்வை இறங்கியது. வண்டியின் சொந்த பேட்டரி முன்னால் இருக்கிறது, அது இஞ்சினைக் கிளப்புவதற்கு. கட்டிலுக்கு அடியில் இருப்பது இரண்டாவது பேட்டரி, வண்டி நிற்கும்போது ஃபேன் ஓடவும் விளக்கு எரியவும் முக்கியமாக மனைவி மயிலாத்தாளின் ஊசிமருந்து கெடாமல் பிரிட்ஜ் ஓடவும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே. இஞ்சின் ஓடினால் ரிலே இரண்டையும் சேர்த்துவைக்கும், பின்னால் இருப்பது சார்ஜ் ஏறும். இஞ்சினை நிறுத்தினால் பிரித்துவிடும், முன்னால் இருப்பது தீராமல் தப்பிக்கும். சேர் என்று ரிலேவுக்குச் சொல்வது ஒரு மெல்லிய மஞ்சள் ஒயர். காலையில் அதை மாட்டுவார், உட்கார்ந்து வேலை செய்வார், சாயங்காலம் கழற்றிவிடுவார். கழற்றியபிறகு தெருவே கேட்கும்படி இஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிடுவார். இரண்டாவது பேட்டரிக்கு ஒரு சொட்டு கரண்ட் போகாது. மறுநாள் பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கும். 'சார்ஜ் நிக்க மாட்டேங்குதே' என்று வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். பொய்யில்லை, நிற்கத்தான் மாட்டேனென்றது.

எதிர்வீட்டு ராயப்பன் காலையில்கூட கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "சம்சாரத்துக்காக வண்டியே கட்டற ஆள இப்பத்தாங்க பாக்கறேன், என்ற வீட்டுல உங்களச் சொல்லிச் சொல்லியே என்னைத் திட்டறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்க நாச்சிமுத்துவுக்குப் பிடித்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் பிடித்தது கொஞ்சம் கூடுதல். டாக்டர் சொன்ன நாளை நினைத்துக்கொண்டார். வயிற்றில் வந்தது ஈரலுக்குப் போய்விட்டது, மழைக்காலம் தாண்டினால் பெரிய விஷயம், ஆசைப்பட்டதைச் செய்துகொடுங்கள் என்று அந்த டாக்டர், சின்ன வயசுக்காரர், முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மயிலாத்தாளுக்கு ஓர் ஆசைதான் இருந்தது. மகள் குடியிருக்கிற கர்நாடகத்து ஹாசனுக்குப் போக வேண்டும். "தாரணிகிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றாள், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, நாலு பேர் பார்க்கும்போது. ரயில் வேண்டாம், பஸ் வேண்டாம், படுத்துக்கொண்டேதான் போக முடியும், ஊசிமருந்து ஐஸில் இருக்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர் சொன்னார். உடனே நாச்சிமுத்துவின் வாயிலிருந்து, "நானே வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போறேன்" என்று வந்துவிட்டது. எதற்கு அப்படிச் சொன்னோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாலு பேர் பார்த்தார்கள், அதனால் இருக்கலாம். வண்டி கட்ட நாளாகும் என்று வாய்க்கு மூளையைவிட முன்னாலேயே தெரிந்திருக்கலாம். இத்தனைக்கும் வண்டியே தேவையில்லை. ஒரு போன் போதும். அப்பா கூப்பிட்டால்தான் அந்த வீட்டு வாசலை மிதிப்பேன், ஒரு வார்த்தை கூப்பிடட்டும், அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன் என்று மகள் சொல்லியனுப்பியிருந்தாள். பத்து விரலில் ஒரு விரலுக்குண்டான வேலை. அதைச் செய்ய முடியாத மனுஷன் ஒரு வேனை வாங்கி, கழுவி, கட்டில் அடித்து, தரைக்கு ரப்பர் ஒட்டி, ஒயரிங் வரைக்கும் வந்திருந்தார். வீம்பு என்று வந்துவிட்டால் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் உழைப்புக்கு அஞ்சுவதில்லை.

லக்கை, ஒயர் முனையில் மாட்டுகிற செம்பு வளையத்தை, கோத்துக் கிரிம்பிங் பிளேயரால் இறுக்கினார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். சரிங்ப்பா. மகளின் அந்தக் குரல் இப்படித்தான் வரும், கை ஏதாவதை இழுத்துப் பார்க்கும்போது வரும். கல்யாணத்தன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து போன் செய்தாள், பக்கத்தில் அவன் இருந்தான், கூட வேலை பார்க்கிறவன், பெயரைச் சொன்னாள், அதை அவர் காதில் வாங்கவில்லை, என்ன ஆளுங்க என்று கேட்டார். சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள், அதுதான் பொறுக்கவில்லை, கொஞ்சம் தயங்கியிருந்தாலாவது அவர் கொஞ்சம் தணிந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது, தணிந்திருக்க மாட்டார். "என்ற பொணத்துக்குக்கூட வராதே" என்றார். அவள் அழுவாள், கெஞ்சுவாள், அப்பா அப்பா என்பாள், அதற்குப்பிறகு இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தார், நல்ல வார்த்தைகள், நாக்கு நுனியில் வந்து நின்றவை. அவளோ, "சரிங்ப்பா" என்றாள். மோட்டார் சுவிட்சை ஆஃப் பண்ணிவிடு கண்ணு என்றால் எப்படிச் சொல்வாளோ அப்படி. போனை வைத்துவிட்டாள். அந்த நாலு வார்த்தையும் இன்னும் அவருக்குள்ளேயே கிடக்கின்றன, செலவாகாமல், யாரிடமும் சொல்ல முடியாமல். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், பொண்ணு வரலீங்களா என்று கேட்பார்கள். தெரிந்தேதான் கேட்பார்கள், கேட்பதில் ஒரு ருசி. லீவு கிடைக்கவில்லை என்பார். பாவம், எப்பப் பாரு வேலை என்பார்கள். சாப்பாட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் குனிந்துகொள்வார். அந்த அவமானத்துக்கெல்லாம் யார் பொறுப்பு, அவள்தானே, அதைவிட்டு அவர் படியேறி அவள் வீட்டுக்குப் போக வேண்டுமா. போனால் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த டம்ளரை வாங்குவதா வேண்டாமா. வாங்கினால் குடிக்க வேண்டும். குடித்தால் அவன் அப்பன் பக்கத்தில் உட்காருவான், சம்பந்தி என்பான், தொடையில் தட்டுவான். தொடை இப்போதே கூசியது.

ரிலேவைப் பலகையில் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினார். நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், இல்லை, கழற்றி மறுபடி முறுக்கினார். பிடிக்காத பயணத்துக்கு இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர் இந்த ஜில்லாவில் இன்னொருவர் இருக்க முடியாது. பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போட்டிருந்தார், கனமான ஒயருக்குக் கனமான ஃபியூஸ். கட்டிலில் அவள் படுத்திருப்பாள், அடியில் பேட்டரி, வண்டி திம்பம் மலையில் வளைந்து வளைந்து ஏறும், ஒயர் தகரத்தில் உரசி உரசித் தோல் போய், ஃபியூஸ் இல்லாவிட்டால், என்று நினைப்பு அங்கே போய் நின்றது. நின்று அந்த இடத்திலேயே கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டது. அவர் பதறிப்போய் அதைத் துரத்தினார். சீ, நான் என்ன அப்படிப்பட்ட ஆளா. இல்லை. அவர் ஃபியூஸ் போடுகிற ஆள். கொல்ல மாட்டார். தாமதம் மட்டும்தான் செய்வார். தாமதத்தை யாரும் கொலை என்று சொல்வதில்லை, ராயப்பன் சொல்லமாட்டார், டாக்டர் சொல்லமாட்டார், மயிலாத்தாளேகூடப் பாவம் இவ்வளவு பாடுபட்டாரே, பேட்டரில சார்ஜ் நிக்கலியே என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். போன வாரம் அவள் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்தபோது வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் வந்தது துக்கமில்லை, கணக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இழுத்துவிட்டால் டாக்டரே பயணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு வந்து போனபிறகுதான் துக்கம் வந்தது. அதுவும் நிஜமான துக்கம்தான். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அவள் செத்துப்போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது, அவள் இல்லாத வீட்டில் சோறு எந்தப் பாத்திரத்தில் இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் ஹாசனுக்குப் போவதை நினைத்துப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. இரண்டு பயத்தையும் எடைபோட்டு வைத்திருந்தார், அதில் ஹாசன் பயம்தான் கனம். வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள் என்று தெரியும். சொல்லப் போவதில்லை.

எர்த்துக்குக் கறுப்பு ஒயரை வண்டியின் தகரத்தில் முறுக்க வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. சுரண்டினார். சுரண்டச் சுரண்ட அடியில் பள்ளிக்கூட மஞ்சள் வந்தது, அதற்கும் அடியில் வெள்ளித் தகரம். சரிங்ப்பா. போ அக்கட்டால என்று அந்தக் குரலை வாய்விட்டே விரட்டினார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடு மருந்து ஏறுகிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவரால் முடிகிற காரியமில்லை, அந்த வாசனை, பக்கத்துக் கட்டில்களின் முனகல், பாட்டிலிலிருந்து சொட்டுவதை எண்ணிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது. அவளே, "நீங்க போய்ட்டு வாங்க, உக்கடத்துல ஏதோ சாமான் வாங்கோணும்னீங்களே" என்பாள். புரிந்துகொள்கிற பொம்பளை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அவர் நிம்மதியாகச் சுற்றுவார், ரிலேவைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார், உள்ளாற கம்பிச்சுருள் நல்லா இருக்கா என்று கடைக்காரனிடம் வாயடிப்பார், டீ குடிப்பார், திரும்பி வரும்போது பாட்டில் தீர்ந்திருக்கும், அவள் முகம் தெளிவாக இருக்கும். மருந்து வேலை செய்கிறது போல என்று நினைத்துக்கொள்வார். அப்படித் தெளிந்த முகத்தோடு அவள் இன்னும் ரொம்ப நாள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு முறை நினைத்தார். ஒரே ஒரு முறைதான். அந்த நினைப்புக்கு ஃபியூஸ் கிடையாது, அது பாட்டுக்கு ஓடிவிட்டுப் போய்விட்டது.

வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பினால் படியில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். செவுத்தைப் பிடித்துப் பிடித்து வீட்டிலிருந்து தானாகவே நடந்து வந்திருக்கிறாள். மூச்சு இரைத்தது. தலையில் முக்கால்வாசி முடி போய்த் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"ஏன் எந்திரிச்சு வந்தே? கூப்புட்டிருந்தா வந்திருப்பனே."

"பிரிட்ஜுல சில்லுப்பு நின்னுதுங்களா?"

"எங்க நிக்குது. பேட்டரியே செரியில்ல போலிருக்குது. வேற போட்டுப் பாக்கோணும்."

"பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். குரலில் கோபமில்லை, அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "காலைல மாட்டறீங்க, சாயங்காலம் கழட்டறீங்க. ஜன்னலப் பாத்துட்டே படுத்துக் கெடக்கறவளுக்கு வேற என்னங்க வேலை. தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

நாச்சிமுத்துவின் மூளை ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் ஓடியது. எர்த் லூஸ் என்று சொல்லலாம், டெஸ்ட் பண்ணுவதற்காகக் கழற்றினேன் என்று சொல்லலாம், ராத்திரி ஷார்ட் ஆகாமல் இருக்க என்று சொல்லலாம், அவளுக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும், எதைச் சொன்னாலும் நம்புவாள், நாற்பது வருஷமாக நம்புகிறவள். அதற்குள் வாய், "நீ பாத்தது வேற ஒயரு" என்றது.

"செரி, வேற ஒயராவே இருக்கட்டும்." அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "வேலைய நிறுத்திக்குங்க. வண்டிய யாராச்சுக்கும் குடுத்துருங்க. எங்கயும் போக வேண்டாம்."

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அப்பாடா என்று நெஞ்சு முழுக்க இறங்கியது, பிடிபட்ட வெட்கத்தைக்கூட அது அடித்துக்கொண்டு போய்விட்டது. டம்ளர் இல்லை, சம்பந்தி இல்லை, தொடையில் தட்டு இல்லை. அதை முகத்தில் காட்டாமல் இருக்க ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும், நல்ல புருஷன் சொல்கிற மாதிரி.

"ஏன், தாரணியப் பாக்கோணும்னியே."

வீட்டில் அந்தப் பெயரை அவர் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பாக்கறதுக்குன்னா நெனச்சுட்டு இருந்தீங்க? நான் அவளப் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். நீங்க உக்கடம் போறப்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போவா. பையனையும் தூக்கிட்டு வருவா."

"பையனா?"

"ம். நடக்கறான் இப்ப. காது ரெண்டும் உங்களாட்டவே, வெளிய நீட்டிட்டு நிக்கும்."

பையன் என்ற சொல் அவருக்குள் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றியது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், அந்தப் பாட்டிலுக்குக் கீழே, அவர் எழுந்துபோன ஸ்டூலின்மேல், ஒரு பையன் நடந்திருக்கிறான், இறங்கியிருக்கிறான், ஏறியிருக்கிறான். திரும்பி வந்து அதே ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருக்கிறார். சூடாக இருந்திருக்கும். கவனிக்கவில்லை.

"அப்பறம் எதுக்கு ஹாசன், ஹாசன்னு..."

"உங்களக் கூட்டிட்டுப் போறதுக்குத்தானுங்க" என்றாள். "அவனுக்குக் காது குத்தோணும். மாமன் மடில உக்கார வெச்சுக் குத்தோணும், அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாரு இருக்கறாங்க. எங்கப்பா மடிலதான் குத்துவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக் கேட்டுப் பாத்தாங்க, முடியாதுன்னுட்டா. 'அப்பா தானா வரமாட்டாரு, உன்னைச் சாக்கு வெச்சாவது வரட்டும்மா'ன்னா. நானும் இந்த ஒடம்ப வெச்சுட்டு, வண்டி ஆகட்டும் கண்ணு, வண்டி ஆகட்டும் கண்ணுன்னு சொல்லிட்டே இருந்தேன்."

"ஆகட்டும். ஆயிரும்" என்றார் நாச்சிமுத்து. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இன்னிக்கே முடிச்சர்றேன். ஒரு ஒயருதான் பாக்கி. நாளைக்குக் காலைல கெளம்பலாம்."

"போன வெள்ளிக்கெழம குத்திட்டாங்க. நாந்தான் இனிமேக் காத்திருக்க வேண்டாம்னு சொன்னேன். மாப்பிள்ளையோட அப்பா மடில வெச்சுக் குத்துனாங்க, போட்டோ வந்துச்சு. அழவே இல்லியாமா."

அவர் போட்டோவைக் காட்டச் சொல்வார் என்று அவள் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டால் அவன் உட்கார்ந்திருக்கிற மடியையும் பார்க்க வேண்டியிருக்கும். அந்த மடிக்காரன் மேல் அவருக்கு வந்தது கோபமில்லை, பொறாமை, பச்சைப் பொறாமை, தன் இலையிலிருந்து எடுத்து அடுத்தவன் இலையில் வைத்துவிட்டார்கள் என்கிற மாதிரி. யார் எடுத்து வைத்தது என்று யோசிக்காமல் இருக்கத்தான் பார்த்தார்.

"எனக்கப்பறம் உங்களுக்குன்னு ஒருத்தர் இருக்கட்டும்னுதான் நெனச்சேன்" என்றாள் மயிலாத்தாள். "தெனமும் அந்த ஒயரப் பாத்துப் பாத்து எனக்கு அந்த நெனப்பே உட்டுப் போச்சுங்க. நான் போனாலும் வர வேண்டாம்னு அவகிட்டச் சொல்லிட்டேன். வந்து வாசல்ல நின்னு, நீங்க மூஞ்சியத் திருப்பி, எதுக்கு. உசுரோட இருக்கறப்பவே பாத்தாச்சு, போதும். இனி நீங்களாச்சு."

அவள் கதவுப் பிடியைப் பற்றி எழுந்தாள். அவர் கையை நீட்டினார். கையெல்லாம் கிரீஸ், அதனால்தான் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். அவள் வண்டியைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினாள்.

"பேரு என்ன?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"யாருக்குங்க?"

"பையனுக்கு."

மயிலாத்தாள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் அப்படி அவள் பார்த்து அவர் பார்த்ததில்லை. சொல்லிவிடுவாள் என்றுதான் இருந்தது, உதடு பிரிந்தது.

"எதுக்குங்க? கூப்பிடவா போறீங்க?" என்றாள்.

செவுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். பின்னால் போய்க் கேட்கலாம், காலில் விழுந்துகூடக் கேட்கலாம், அவள் கால்தானே, வேறு யார் காலுமில்லையே, ஆனால் எழுந்திருக்க வரவில்லை. கட்டில் பலகையில் உட்கார்ந்தபடியே நாச்சிமுத்து பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். முதலில் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார், பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது உண்டுதானே, தாரணி வைத்தாலும் வைத்திருப்பாள். பிறகு தன் அப்பாவின் பெயர், குலசாமி பெயர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வைக்கிற வாயில் நுழையாத பெயர்கள், கன்னடக்காரர்கள் வைக்கிற பெயர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எது சரியென்று சொல்லக்கூடியவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.